சென்னையில் கியர் கார் வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விலை கைக்கு அடங்க வேண்டும், அடிக்கடி ஷெட்டில் நிற்கக் கூடாது, ஓட்டும்போது உற்சாகமாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே காரில் தேடுகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

தினமும் ஓஎம்ஆர் டிராஃபிக். கியர் வண்டி எடுத்தா இடது கால் என்னத்துக்கு ஆகும்?

அது எந்த வண்டி, அதன் கிளட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்விஃப்ட், பிரியோ, ஐ10 மாதிரி சின்ன பெட்ரோல் கார்களின் கிளட்ச் லேசானது. டீசல் வண்டியில் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை) அதிகம், அதற்கேற்ப கிளட்சை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் இறுக்கமும் அதிகம், மிதிக்கவும் கனம். தேய்ந்த கிளட்ச் எந்த வண்டியிலும் இறுகிப்போய்விடும். பழைய வண்டி பார்க்கப் போனால், நின்ற இடத்திலேயே இருபது தடவை கிளட்சை முழுசாக மிதித்து விட்டுப் பாருங்கள். அதற்குள் தொடை வலித்தால் துரைப்பாக்கத்தைத் தாண்டும் முன்பே சலித்துவிடும்.

ஓட்டும் விதமும் பாதிக் காரணம். முன்வண்டி ஒரு அடி நகர்ந்ததும் நாமும் ஒரு அடி நகர்ந்தால் கிளட்சில் கால் போய்க்கொண்டே இருக்கும். ஒரு கார் நீளம் இடைவெளி விழும்வரை நியூட்ரலில் நின்றுவிட்டு, முதல் கியரில் கிளட்சை முழுசாக விட்டு, ஆக்சிலரேட்டரே மிதிக்காமல் ஊர்ந்து போகலாம். பைக்காரர்கள் அந்த இடைவெளியில் புகத்தான் செய்வார்கள், புகட்டும். ஆனால் முழங்காலில் ஏற்கெனவே பிரச்சினை, தினமும் இரண்டு மணி நேரம் நெரிசல் என்றால் ஆட்டோமேட்டிக்கே சரி. அவர்களைக் கியர் வண்டிக்கு இழுக்க எங்களுக்கு மனமில்லை.

ஓட்ட ஜாலியா இருக்கணும்னா பவர் நிறைய வேணும், அவ்வளவுதானே?

இல்லை. சென்னைக்குள் மூன்றாம் கியரை முழுசாக இழுக்க இடம் கிடைப்பதே அபூர்வம். 120 குதிரைத்திறன் இருந்தாலும் அண்ணா சாலையில் 40-ல்தான் போகப் போகிறோம். அந்த 40-ல் கார் சந்தோஷம் தருகிறதா என்பதே கேள்வி. அதைத் தீர்மானிப்பவை நான்கு: வண்டியின் எடை, ஸ்டீரிங் எவ்வளவு நேராகக் கையோடு பேசுகிறது, கியர் எவ்வளவு சுத்தமாக விழுகிறது, ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டதும் எஞ்சின் தாமதமில்லாமல் பதில் சொல்கிறதா.

எடையைத்தான் முதலில் வைப்போம். 2018-ல் வந்த பெட்ரோல் ஸ்விஃப்ட் 900 கிலோவுக்கும் கீழ். அதனால்தான் 83 குதிரைத்திறனிலேயே அது துறுதுறுவென்று ஓடுகிறது. அதே எஞ்சினைக் கனமான உடம்பில் வைத்தால் அந்தத் துடிப்பு போய்விடும். உட்காரும் விதமும் முக்கியம். கிளட்சை முழுசாக மிதித்தபோதும் முழங்கால் லேசாக மடிந்தே இருக்க வேண்டும், முதுகு சீட்டை விட்டு விலகாமலே கை ஸ்டீரிங்கின் மேல்பகுதியை எட்ட வேண்டும். உங்கள் உயரத்துக்கு அப்படி அமையாத காரில் வேறு எது நன்றாக இருந்தும் பயனில்லை.

ஏஎம்டி, ஐஎம்டி எல்லாமும் கியர் வண்டி மாதிரிதானே?

ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் நமக்குப் பதில் ஒரு மோட்டார் இயக்குகிறது. கியர் மாறும்போது வண்டி ஒரு கணம் தயங்குவது அதனால்தான். ஐஎம்டியில் கியரை நாம் மாற்றுகிறோம், ஆனால் கிளட்ச் பெடல் கிடையாது. இரண்டும் வசதிக்காக வந்தவை. இந்தப் பக்கத்தில் கியர் வண்டி என்று சொல்வதெல்லாம் மூன்று பெடல் உள்ளதை மட்டும்.

இது பழைய வண்டி வாங்கும்போது உதவும். ஹூண்டாய் ஐ20 என் லைன் 2021-ல் வந்தபோது ஐஎம்டி, டிசிடி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) இரண்டு மட்டுமே. உண்மையான 6 கியர் மேனுவல் 2023-ல்தான் வந்தது. விளம்பரத்தில் 'மேனுவல்' என்று போட்டிருந்தால் பெடல் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

கையில 4 லட்சம்தான் இருக்கு. எதைப் பார்க்கட்டும்?

இந்தப் பணத்துக்குப் பழைய வண்டிதான். முதலில் 4 லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒரு 50,000 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள், அது எதற்கென்று கீழே வாங்கிய பிறகு செய்ய வேண்டியவற்றில் வருகிறது.

எங்கள் முதல் தேர்வு 2011 முதல் 2017 வரை வந்த இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோல். 1.2 லிட்டர் கே சீரிஸ் எஞ்சின், டைமிங் செயின் (எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் சங்கிலி), எந்தத் தெரு மெக்கானிக்குக்கும் தெரிந்த வண்டி. ஸ்பேர் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டவுடன் கிடைக்கும். அடுத்தது ஹோண்டா பிரியோ. 88 குதிரைத்திறன் ஐவிடெக், மேல் ஆர்பிஎம்மில் பாடிக்கொண்டு ஏறும், கியர் விழும் சுத்தம் இந்த விலையில் வேறு எதிலும் இல்லை. டிக்கி சின்னது, பின்சீட்டும் சுமார், தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு ஏற்றது. மூன்றாவது ஃபோர்டு ஃபிகோ. 2010-ல் வந்த முதல் ஃபிகோவின் ஹைட்ராலிக் ஸ்டீரிங் இன்றைக்கும் பேசப்படுகிறது. எஞ்சின் சோம்பல்தான், ஆனால் வளைவில் அது காட்டும் நம்பிக்கை தனி.

பார்க்க அழகாக இருக்கிறதே என்று போலோ 1.2 எம்பிஐ பக்கம் போகாதீர்கள். கட்டுமானம் நன்றாக இருக்கும், ஆனால் 75 குதிரைத்திறன் அந்த உடம்புக்குப் போதாது. ஏசி போட்டுக்கொண்டு நாலு பேரோடு கத்திப்பாரா பாலம் ஏறும்போதே இரண்டாம் கியரைத் தேடுவீர்கள்.

ஏழெட்டு லட்சம் வரை போகலாம், டர்போ வேணும். பழசுல எது?

போலோ 1.0 டிஎஸ்ஐ, 2020 முதல் 2022 வரை வந்தது. 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர், 6 கியர். 2022-ல் இந்தியாவில் போலோவே நின்றுவிட்டதால் நல்ல வண்டிக்கு இன்னும் விலை இறங்கவில்லை. இதை எடுக்கிறவர்கள் கம்பெனி சொன்ன தரத்திலேயே எஞ்சின் ஆயில் ஊற்றியதற்கு பில் இருக்கிறதா என்று பாருங்கள். டர்போவுக்கு அதுதான் உயிர். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட், செயின் அல்ல. வயதாகும்போது மாற்றியாக வேண்டும்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று கிராண்ட் ஐ10 நியோஸ் டர்போ. 1.0 லிட்டர், 100 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர், 5 கியர் மேனுவல். 2020-ல் வந்து 2023-ல் நின்றது. சின்ன உடம்பில் இவ்வளவு டார்க் என்றால் ஊருக்குள் மூன்றாம் கியரிலேயே சுற்றி வரலாம். பலேனோ ஆர்எஸ் 2017 முதல் 2020 வரை வந்தது, 1.0 பூஸ்டர்ஜெட், 102 குதிரைத்திறன், பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். எண்ணிக்கையில் குறைவு, தேடிப் பிடிக்க வேண்டும்.

டர்போ வேண்டியதில்லை என்றால் இதே பணத்தில் 1.5 ஐவிடெக் ஹோண்டா சிட்டி மேனுவல் வரும். எங்களைக் கேட்டால், யாரோ அடித்து ஓட்டிய டர்போவைவிட ஒரே கையில் ஒழுங்காக இருந்த சிட்டி மேல்.

புதுசே எடுத்துடலாம்னு வீட்டுல சொல்றாங்க. வரியெல்லாம் எப்படி வருது?

இரண்டு எல்லைக்கோடுகளை நினைவில் வையுங்கள். முதலாவது ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் எஞ்சினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீதம், அதைத் தாண்டிய கார்களுக்கு 40 சதவீதம். ஸ்விஃப்ட், ஐ20 என் லைன், ஃபிராங்க்ஸ் டர்போ, ஆல்ட்ரோஸ் ரேசர், ஒரகடத்தில் தயாராகும் மேக்னைட் டர்போ எல்லாம் முதல் வகை. விர்டஸ், ஸ்லாவியா, சிட்டி இரண்டாவது வகை.

இரண்டாவது தமிழ்நாட்டு சாலை வரி. 2023 நவம்பரில் மாற்றியமைத்த கணக்கில் 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 9.90 லட்ச ரூபாய் காருக்கு வரி சுமார் 1.29 லட்சம். 10.10 லட்ச ரூபாய் காருக்கு சுமார் 1.82 லட்சம். விலையில் 20,000 வித்தியாசம், வரியில் 53,000 வித்தியாசம். சன்ரூஃபுக்காக மேல் வேரியண்ட் எடுக்கும் முன் இந்தக் கோட்டைப் பாருங்கள். ஷோரூமில் எக்ஸ் ஷோரூம் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ், ஆக்சசரி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஓட்டும் சந்தோஷம் மட்டும் கணக்கு என்றால், 10 லட்சத்துக்குள் ஐ20 என் லைன் மேனுவலின் கீழ் வேரியண்ட். சிக்கனமும் சேர வேண்டும் என்றால் ஸ்விஃப்ட். 2024-ல் வந்த ஸ்விஃப்டில் மூன்று சிலிண்டர் எஞ்சின். ஊருக்குள் நன்றாக இழுக்கிறது, ஆனால் பழைய நாலு சிலிண்டர் மேலே ஏறும்போது கொடுத்த இனிமை இதில் இல்லை.

ஃபோர்டுதான் போயிடுச்சே. ஃபிகோ எடுத்தா ஸ்பேருக்கு அலையணுமா?

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலை இங்கேயே இருந்ததால் சென்னையில் ஃபோர்டு வண்டிகளும் ஃபோர்டு தெரிந்த மெக்கானிக்குகளும் நிறைய. ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் செட், சஸ்பென்ஷன் புஷ் மாதிரி தேய்மானப் பொருட்கள் வெளிக்கடையிலும் கிடைக்கின்றன. அலைய வைப்பவை உடம்புப் பாகங்களும் எலக்ட்ரானிக்ஸும்தான்: ஹெட்லைட், பம்பர், கதவுக் கண்ணாடி மோட்டார், சென்சார்கள். இவற்றுக்குப் புதுப்பேட்டை பழைய பாகக் கடைகள் கைகொடுக்கும்.

அதனால் ஃபோர்டு எடுப்பவர்கள் இடிபடாத, விளக்குகள் எல்லாம் ஒழுங்காக இருக்கும் வண்டியை மட்டும் எடுங்கள். 'பம்பர் மட்டும்தான் சார் உடைஞ்சிருக்கு' என்று விலை குறைத்தால் சந்தோஷப்பட வேண்டாம்.

டீசல் ஃபிகோ பயங்கரமா இழுக்கும்னு சொல்றாங்களே?

உண்மைதான். 2015-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஃபிகோவில் 1.5 டிடிசிஐ, 100 குதிரைத்திறன், 215 நியூட்டன் மீட்டர். சின்ன உடம்பில் இவ்வளவு டார்க். மாதம் 1,500 கி.மீ.க்கு மேல், அதுவும் பெங்களூரு, திருச்சி என்று நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்களுக்கு இன்றைக்கும் அருமையான வண்டி. இதில் டைமிங் பெல்ட். மாற்றிய பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் குறைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும்.

டீசல் ஸ்விஃப்டின் 1.3 எஞ்சின் செயின் வகை, முரட்டு உழைப்பாளி. ஆனால் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே தூங்கும், டிராஃபிக்கில் அரை கிளட்சில் இழுக்க வைக்கும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய மாசு விதி) டீசலைத் தவிர்ப்பது நல்லது. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி, நெடுஞ்சாலையில் சூடேறினால்தான் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். தி.நகர், மயிலாப்பூர் என்று சின்னச் சின்ன ஓட்டம் மட்டும் ஓடினால் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும்.

பழைய வண்டியில கிளட்ச், கியர்பாக்ஸ் நல்லா இருக்கான்னு நானே எப்படிப் பார்க்கிறது?

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்னால் ஆள் இல்லாததை உறுதி செய்து, ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு மூன்றாம் கியர் போட்டு, ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் குலுங்கி உடனே அணைய வேண்டும். கிளட்சை முழுசாக விட்ட பிறகும் ஓடிக்கொண்டிருந்தால் பிளேட் வழுக்குகிறது. இதை ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம். ஓட்டத்தில் பார்க்க, நான்காம் கியரில் 40-ல் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளினால் அதே நோய்.

அடுத்தது சத்தம். நியூட்ரலில் கிளட்சை மிதிக்கும்போது கரகரவென்று கேட்டால் ரிலீஸ் பேரிங். மிதிக்காதபோது கேட்டு, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் உள்ளே இருக்கும் பேரிங். முன்னது கிளட்ச் செட்டோடு மாறிவிடும், பின்னது கியர்பாக்ஸைப் பிரிக்கும் வேலை.

பிறகு சின்க்ரோ, அதாவது கியர் உரசாமல் விழ வேகத்தைச் சமப்படுத்தும் வளையம். 30-ல் போகும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குங்கள். இரண்டாம் கியர் 'கர்ர்' என்று கடித்தாலோ, தள்ளித் தள்ளி உள்ளே போனாலோ சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. எந்தக் கியரிலும் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடும்போது லீவர் தானாக நியூட்ரலுக்குத் தாவினால் அந்த வண்டியை அப்படியே விட்டுவிடுங்கள். லீவர் தொளதொளவென்று ஆடுவது மட்டும் பெரிய விஷயமில்லை, பெரும்பாலும் லிங்கேஜ் புஷ்தான், சின்னச் செலவு.

டெஸ்ட் டிரைவ் எங்க போகணும்? தெருவைச் சுத்திக் காட்டிட்டு முடிச்சிடறாங்க.

தெருச் சுற்று போதவே போதாது. அரை மணி நேரமாவது வேண்டும், ஏசி போட்டுக்கொண்டு, முடிந்தால் மதிய வெயிலில். போகும் முன்பே 'எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க' என்று சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சினில் தெரியும் குறை எதையோ மறைத்திருக்கலாம். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது சில நொடிகளுக்கு மேல் செயின் சத்தமோ, பின்னால் நீலப் புகையோ வரக்கூடாது.

பாதையில் மூன்று வகை இடம் இருக்கட்டும். வேகத்தடை நிறைந்த உள்தெரு ஒன்று. 20-ல் ஏறி இறங்கும்போது முன்னால் 'டொக் டொக்' என்றால் லிங்க் ராடோ லோயர் ஆர்ம் புஷ்ஷோ. கத்திப்பாரா மாதிரி வட்டமாகச் சுழலும் பாலம் ஒன்று. இரண்டாம் கியரில் ஒரே சீராக ஓட்டுங்கள், ஸ்டீரிங்கை ஒரே கோணத்தில் பிடித்திருந்தால் வண்டியும் ஒரே கோட்டில் வர வேண்டும். நடுவில் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் டயர், அலைன்மென்ட், ஸ்டீரிங் மூன்றில் ஒன்று சரியில்லை. வீல் பேரிங் தேய்ந்திருந்தால் வரும் 'ஹூம்' சத்தமும் இந்த வளைவில் தெளிவாகக் கேட்கும். மூன்றாவதாக மதுரவாயல் பைபாஸ் மாதிரி நேர் சாலை. 80-ல் ஸ்டீரிங் நடுங்குகிறதா, பிரேக் போடும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் காலி மைதானத்தில் ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்து மெல்ல வட்டமடியுங்கள். 'டிக் டிக்' என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட்.

வெள்ளத்துல மூழ்கின வண்டின்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது? கழுவி பாலிஷ் போட்டுடுவாங்களே.

சென்னையில் பழைய கார் வாங்குகிறவர் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி இதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் கார்கள் முழுகிக் கிடந்தன. நீரில் நின்ற வண்டி இன்று ஓடும். ஆறு மாதம் கழித்து கனெக்டர்களில் பச்சைப் பூஞ்சை மாதிரித் துரு ஏறி ஒவ்வொரு சென்சாராகப் போகும். அந்த வண்டியை எந்த எலக்ட்ரீஷியனாலும் முழுசாகக் குணப்படுத்த முடியாது.

சீட் பெல்ட்டை அடி நுனிவரை இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவர்கள் வெளியே தெரியும் பகுதியைத்தான் கழுவுவார்கள், சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு நிற்கும். முன்சீட்டைப் பின்னால் தள்ளி, அடியில் இருக்கும் போல்ட்களிலும் ரெயில்களிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டெப்னியை எடுத்து அதன் குழியின் மூலையில் விரலால் தடவினால் மண் வரக்கூடாது. டேஷ்போர்டு அடியில் ஃபியூஸ் பாக்ஸ் மூடியைக் கழற்றுங்கள். கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசி இல்லாமல் பத்து நிமிடம் வெயிலில் நிறுத்திக் கதவைத் திறந்தால் ஊறிய கார்ப்பெட்டின் நாற்றம் காட்டிக் கொடுத்துவிடும். பத்து வருட வண்டியில் கார்ப்பெட் மட்டும் புத்தம் புதிது என்றாலும் ஏன் என்று கேளுங்கள்.

காகிதத்திலும் தடயம் இருக்கும். பாலிசி எண்ணை வைத்து உரிமையாளர் மூலமாக கிளெய்ம் விவரம் கேட்கச் சொல்லுங்கள். டிசம்பர், ஜனவரியில் பெரிய கிளெய்ம் இருந்தால் விஷயம் முடிந்தது. திருவான்மியூர், நீலாங்கரை என்று கடலோரம் நின்ற வண்டிகளுக்கு வேறு நோய், உப்புக்காற்றுத் துரு. கதவுகளின் அடிவிளிம்பு, வீல் ஆர்ச்சின் உள்மடிப்பு, பானெட் கீல், சைலன்சர் தாங்கி ஆகியவற்றைப் பாருங்கள்.

மீட்டரைத் திருப்பியிருந்தா?

திருப்பியிருப்பார்கள் என்று நினைத்தே பாருங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணுக்கு சர்வீஸ் வரலாறு இருக்கும், உரிமையாளரோடு போய்க் கேளுங்கள். 35,000 கி.மீ. என்று காட்டும் வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பரின் கோடுகள் மறைந்திருக்காது, டிரைவர் சீட்டின் வலது ஓரம் நசுங்கியிருக்காது. டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்கள் தயாரான வாரமும் வருடமும். 1819 என்றால் 2019-ன் 18-வது வாரம். வண்டி வாங்கிய வருடத்தின் டயர் இன்னும் இருந்தால் குறைவாக ஓடியது என்பதற்குச் சான்று. அதோடு அந்த டயரை மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

பிஒய் நம்பர், டெல்லி வண்டி எல்லாம் விலை கம்மியா வருதே, எடுக்கலாமா?

புதுச்சேரி பதிவு வண்டியைத் தமிழ்நாட்டுக்கு மாற்றும்போது இங்குள்ள வரியைக் கட்டியாக வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் பதிவை மாற்ற வேண்டும் என்பது சட்டம். அந்த வரியையும் என்ஓசி (தடையில்லாச் சான்று) அலைச்சலையும் சேர்த்த பிறகும் விலை குறைவாக இருந்தால் எடுக்கலாம். டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசலுக்கு 2015-ல் தடை விதித்ததிலிருந்து அங்கிருந்து மலிவாக இறங்கி வருகின்றன. என்ஓசி கையில் வராமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் தராதீர்கள்.

பேப்பர்ல என்னென்ன பார்க்கணும்?

ஆர்சியில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு நேரில் ஒப்பிடுங்கள். கடன் இருந்தால் வங்கியின் என்ஓசியும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலம் என்றால் படிவம் 28-ம் சேரும். நிலுவையில் உள்ள இ-சலானை விற்பவரே கட்டி முடிக்கட்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். நோ கிளெய்ம் போனஸ் விற்பவருக்கே சொந்தம், உங்களுக்கு வராது. 15 வருடத்தை நெருங்கும் வண்டியென்றால் ஆர்சி புதுப்பிப்பு, பசுமை வரி இரண்டும் சீக்கிரமே உங்கள் தலையில் விழும். 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட் மேல் ஆசைப்படுகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்கவும்.

இ20 பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுத்துடுமா?

இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் எரிபொருள் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டிகளில் ரப்பர் குழாய், வாஷர், பம்ப் சீல்கள்தான் முதலில் பாதிக்கப்படும். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

பழைய வண்டியில் ஒவ்வொரு சர்வீஸிலும் எரிபொருள் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா, கசிகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஆகவே டேங்கில் கால்வாசியோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

வாங்கிட்டேன். முதல்ல என்ன செய்யணும்?

அந்த 50,000 இதற்குத்தான். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் முதல் வாரத்திலேயே மாறட்டும், முந்தையவர் என்ன சொன்னாலும் சரி. பலரும் மறப்பது கியர் ஆயில். அதை மாற்றிய அன்றே காலையில் முதல் கியர் இறுக்கமாக விழும் தொல்லை பாதி குறைந்துவிடும். கிளட்ச் ஹைட்ராலிக் வகை என்றால் பல வண்டிகளில் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்துதான் அதற்கும் போகிறது, இரண்டிலும் உள்ள காற்றை வெளியேற்றி ஒன்றாக பிளீட் செய்யச் சொல்லுங்கள். கேபிள் வகை என்றால் கேபிள் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் 'கிளட்ச் கனம்' என்று சொல்வது வெறும் கேபிள்தான்.

கிளட்ச் மாற்ற வேண்டி வந்தால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிது, பேரிங்கில் மிச்சம் பிடித்துவிட்டு மறுபடி இறக்கக் கூடாது. மீதிப் பணத்தை நல்ல டயரில் போடுங்கள். ஓட்டும் சுகத்தில் ஒரே நாளில் தெரியும் மாற்றம் அதுதான்.

பெரிய அலாய், ரீமேப் பண்ணா இன்னும் ஜாலியா இருக்குமே?

ஸ்விஃப்ட் மேல் வேரியண்டுக்குக் கம்பெனி கொடுத்தது 185/65 ஆர்15, அதாவது 15 இஞ்ச் சக்கரம். அந்த அளவில் நல்ல டயர் போட்டாலே போதும். 17 இஞ்ச் போட்டால் சக்கரம் கனமாகும், டயர் பக்கச்சுவர் குறையும், மழைக்காலத்தில் ஒரு பள்ளம் போதும் ரிம் வளைய. முன்பே சொன்ன அந்த லேசான குணம் முதலில் போவது இப்படித்தான்.

ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவது, டர்போ வண்டியில் டார்க்கைக் கூட்டும். ஆனால் கிளட்ச் பழைய டார்க்குக்கு அளந்து போட்டது, மேலே சொன்ன நான்காம் கியர் வழுக்கல் சீக்கிரமே வரும். வாரண்டி போகும், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்தால் கிளெய்மும் சிக்கலாகும்.

இவ்வளவு சொல்றீங்க, ஸ்விஃப்ட் பாதுகாப்பா?

நேரடியாகச் சொல்ல வேண்டியதுதான். 2018 ஸ்விஃப்டுக்கு குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் 2 ஸ்டார். நியோஸுக்கும் 2020-ல் 2 தான். அதே ஆண்டு ஆல்ட்ரோஸ் 5 வாங்கியது. விர்டஸும் ஸ்லாவியாவும் 2023-ல் 5. லேசான எடைக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் அதிகம் போகிறவர்கள் ஊருக்குள் கிடைக்கும் துறுதுறுப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆல்ட்ரோஸோ பழைய போலோவோ எடுப்பதுதான் எங்கள் கருத்து. எந்த வண்டியானாலும் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ் இல்லாத கீழ் வேரியண்டை வாங்க வேண்டாம். பின்சீட்டில் உட்காருகிறவர்களும் பெல்ட் போடட்டும்.

வாங்கின வண்டியை மனசு நிறைய ஓட்ட எங்க போகலாம்?

வேகம் வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது. 1990 முதல் இயங்கும், 3.7 கி.மீ. நீளம். பொதுமக்கள் சொந்தக் காரில் ஓட்டும் டிராக் டே நடக்கும்போது போகலாம். போகும் முன் பிரேக் ஆயில் புதிதாக இருக்கட்டும், பேட் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கட்டும், காருக்குள் தளர்வாகக் கிடக்கும் பொருட்களை எடுத்துவிடுங்கள். ஈசிஆரில் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளாதீர்கள், குறுக்கே வருகிறவர் ஊர்க்காரர்.

வளைவு வேண்டும் என்றால் விடியற்காலையில் கிளம்பி ஏலகிரி, 14 கொண்டை ஊசி வளைவு. நன்றாகப் பழகிய பிறகு கொல்லிமலை, அங்கே 70. வளைவுக்கு முன்பே பிரேக் போட்டு இரண்டாம் கியருக்கு இறக்கிவிட்டு, வளைவுக்குள் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துக்கொண்டே வாருங்கள். கியர் இறக்கும்போது, கிளட்ச் மிதித்திருக்கும் அந்தக் கணத்தில் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டினால் ஆர்பிஎம் ஏறி, கிளட்ச் விடும்போது வண்டி குலுங்காது. கிளட்சும் நீடிக்கும். இறங்கும்போது, ஏறிய அதே கியரில் எஞ்சின் பிடியிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டால் பிரேக் சூடேறி, ஆயில் கொதித்து, பெடல் தரைவரை போகும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு நின்று வழி விடுங்கள்.